கூலியும் சாபமும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். போன வாரம் இரவு கண்விழித்து, போர்ச்சுகல் கிளப்பான பென்ஃபிகா ஆடிய ஒரு கால்பந்து மேட்ச் பார்த்தேன். வர்ணனையாளர் நடுவில் பேலா குட்மானின் சாபம் பற்றி ஏதோ சொன்னார். மறுநாள் தேடிப் படித்தேன். 1962இல் பென்ஃபிகாவுக்கு இரண்டாவது முறையாக ஐரோப்பியக் கோப்பையை வென்று கொடுத்த கோச், கிளப்போடு சண்டை போட்டுக்கொண்டு, இன்னும் நூறு வருஷத்துக்கு உங்களுக்கு ஐரோப்பியக் கோப்பை கிடையாது என்று சபித்துவிட்டுப் போனாராம். அதற்கப்புறம் எட்டு ஐரோப்பிய இறுதிப் போட்டிகளில் தோற்றிருக்கிறார்கள். உடம்பு சிலிர்த்துவிட்டது. சாபம் பலிக்கும் என்று நீங்கள் நம்புகிறீர்களா?

ஆனால் அந்த மனிதர்மேல் எனக்கு மரியாதை வரவில்லை. பணத்தாசை பிடித்தவராகத் தெரிகிறார். எந்த ஊரிலும் நிலைத்து நிற்கவில்லை, பத்துக்கு மேற்பட்ட நாடுகளில் வேலை பார்த்திருக்கிறார். கோப்பையை வென்ற கையோடு போனஸ் கேட்டிருக்கிறார். ஒரு குருவுக்கு இது அழகா? நானும் தினமும் மாலையில் ஒரு தனியார் அகாடமியில் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லித்தருகிறேன். பெட்ரோல் காசு தவிர எதுவும் வாங்குவதில்லை. சேவையாகத்தான் செய்கிறேன். பிரேசிலுக்கு 4-2-4 ஆட்டமுறையை (தடுக்க நான்கு பேர், நடுக்களத்தில் இரண்டு பேர், தாக்க நான்கு பேர்) கற்றுக்கொடுத்தவர் குட்மான்தான் என்கிறார்களே, உண்மையா? இந்தக் காலத்து போர்ச்சுகல் கோச் மொரீன்யோவோடு அவரை ஒப்பிட முடியுமா?

அன்புடன்,
எம்.

அன்புள்ள தம்பி,

விளையாட்டு பற்றி வரும் கடிதங்களைப் படித்துவிட்டு ஒதுக்கிவிடுவதுதான் என் வழக்கம். உங்கள் கடிதத்தை ஒதுக்க முடியவில்லை. குட்மானைப் பற்றிக் கொஞ்ச காலமாகவே எனக்குள் ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. நீங்கள் போகிறபோக்கில் எழுதிய 'பணத்தாசை பிடித்தவர்' என்ற தீர்ப்பு அதில் எண்ணெய் ஊற்றிவிட்டது.

முதலில் சில்லறையைத் தீர்த்துவிடுவோம். மொரீன்யோவா குட்மானா என்பது டீக்கடைக் கேள்வி, அது டீக்கடையிலேயே இருக்கட்டும். 4-2-4 விஷயம் பாதி உண்மை. பிரேசில்காரர்கள் ஏற்கெனவே அந்தத் திசையில்தான் போய்க்கொண்டிருந்தார்கள். குட்மான் 1957இல் சாவோ பாவ்லோ கிளப்பை அந்த முறையில் ஆடவைத்து மாநிலப் பட்டம் வாங்கிக்கொடுத்தார். அதே கிளப்பில் நெடுநாள் இருந்த விசென்டே ஃபெயோலா மறு வருஷம் பிரேசிலுக்கு முதல் உலகக் கோப்பையை வாங்கித் தந்தார். பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து அவர் நெருப்பு எடுத்திருக்கலாம். ஆனால் சமையல் அவர்களுடையது.

இனி அந்தப் பணத்தாசைக்கு வருவோம்.

குட்மான் 1899இல் புடாபெஸ்டில் பிறந்த யூதர். அப்பா, அம்மா இருவரும் நடன ஆசிரியர்கள். பையனும் பதினாறு வயதில் நடனம் சொல்லித்தரத் தகுதி பெற்றவன். கால்பந்தில் அவர் ஆடியது சென்டர் ஹாஃப். அந்தக் காலத்து 2-3-5 அமைப்பில் அது நடுக்களத்தின் அச்சு. தடுப்பதும் அங்கிருந்துதான், தாக்குதலைத் தொடங்குவதும் அங்கிருந்துதான். எம்.டி.கே. அணியோடு இரண்டு ஹங்கேரிப் பட்டங்கள் வென்றார். ஹங்கேரியில் ஹோர்த்தி என்பவரின் ஆட்சியில் யூத வெறுப்பு முற்றியபோது வியன்னாவுக்குப் போய், யூதர்களே நடத்தி யூதர்களே ஆடிய ஹகோவா கிளப்பில் சேர்ந்தார். 1925இல் ஹகோவா ஆஸ்திரிய லீகை வென்றது.

அதற்கு முந்தைய வருஷம் பாரிஸ் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்காக ஆடினார். வீரர்களைவிட அதிகாரிகள் அதிகமாகப் போயிருந்த பயணம் அது. தங்கவைத்த விடுதி அதிகாரிகள் இரவெல்லாம் கூத்தடிக்கத் தோதானது, வீரர்கள் தூங்கத் தோதானதில்லை. எலித் தொல்லை வேறு. குட்மான் செத்த எலிகளை அதிகாரிகளின் அறைக் கதவுகளில் தொங்கவிட்டார் என்கிறார்கள். ஹங்கேரி எகிப்திடம் 3-0 என்று தோற்றது. குட்மானின் தேசிய அணி வாழ்க்கை ஏறக்குறைய அத்தோடு சரி. நிர்வாகத்தோடு அவர் போட்ட முதல் சண்டையிலேயே விஷயம் என்னவென்று கவனியுங்கள். வேலை வாங்குகிறீர்கள், வேலைக்கு வேண்டியதைக் கொடுத்தீர்களா? இதற்குப் பிறகு ஐம்பது வருஷமும் அவர் கேட்டது இதைத்தான்.

1926இல் ஹகோவா அமெரிக்காவில் சுற்றுப்பயணம் போனது. நியூயார்க் போலோ கிரவுண்ட்ஸில் ஒரு மேட்ச்சுக்கு 46,000 பேர் வந்தார்கள். குட்மான் அங்கேயே தங்கிவிட்டார். ஆடினார், சம்பாதித்தார், மதுவிலக்குக் காலத்தில் திருட்டுத்தனமாக நடந்த ஒரு சாராயக் கடையில் பங்கு போட்டார், 1929 பங்குச்சந்தைச் சரிவில் சேமிப்பை எல்லாம் தொலைத்தார். புண்ணிய புருஷர் என்று நான் சொல்ல வரவில்லை. சண்டைக்காரர், தன் கதைகளைத் தானே ஊதிப் பெருக்குகிறவர், கூட வேலை செய்வதற்குச் சிரமமான ஆள்.

ஐரோப்பாவுக்குத் திரும்பி, 1933இல் ஹகோவாவிலேயே கோச் வேலையைத் தொடங்கினார். அடுத்து ஹாலந்தில் என்ஷெடே. அங்கே ஒரு கதை சொல்வார்கள். கடைசி இடத்துக்குச் சறுக்காமல் இருந்தால் போதும் என்றிருந்த கிளப் அது. ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார் குட்மான்: தேசியப் பட்டம் வென்றால் பெரிய தொகை போனஸ். நிர்வாகிகள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். சீசன் முடிகிற நேரத்தில் அணி பட்டத்தை நெருங்கிவிட்டது. நம் அணி தோற்றுத் தொலையட்டும் என்று நிர்வாகிகள் வேண்டிக்கொண்டார்களாம்! கொஞ்சம் மசாலா சேர்ந்த கதையாக இருக்கலாம். ஆனால் கிளப் நிர்வாகிகளோடு பழகியவர்களுக்கு அந்தப் பிரார்த்தனை புதிதில்லை. வெற்றி வேண்டும், அதைக் கொண்டுவந்தவனுக்குப் பங்கு கொடுக்க வேண்டும் என்றால் மட்டும் வெற்றியே வேண்டாம்.

1939இல் உய்பெஷ்ட் அணியோடு ஹங்கேரி லீகையும் மித்ரோபா கோப்பையையும் வென்றார். மத்திய ஐரோப்பாவின் ஆகப்பெரிய கோப்பை அதுதான். நாற்பது வயதில் அந்த வட்டாரத்திலேயே முதல் வரிசை கோச். ஆனால் அந்த நேரத்தில் ஹங்கேரியில் யூதர்களுக்கு எதிரான சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. வேலை போயிற்று.

அதற்கப்புறம் வந்த ஆறு வருஷத்தைப் பற்றி அவர் பேசியதே மிகக் குறைவு. போர்க்காலத்தை சுவிட்சர்லாந்தில் பத்திரமாகக் கழித்தார் என்றே ரொம்ப நாள் பலர் நம்பினார்கள். நடந்தது வேறு. 1944 மார்ச்சில் ஜெர்மன் படை ஹங்கேரிக்குள் வந்தது. மே முதல் ஜூலைக்குள் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றினார்கள், பெரும்பாலோரை ஆஷ்விட்ஸுக்கு. குட்மானின் மனைவி யூதர் இல்லை. மனைவியின் சகோதரர் முடிதிருத்தும் கடை வைத்திருந்தார். அந்தக் கடைக்கு மேலே இருந்த பரணில் ஒளிந்துகொண்டார். எந்த ஊர் அணிக்குக் கோப்பை வாங்கித் தந்தாரோ அதே ஊரில். கீழே முடி வெட்டிக்கொள்ள வருகிறவர்கள் பேசுவது மேலே கேட்டிருக்கும். போன சீசன் அணியைப் பற்றிக்கூடப் பேசியிருப்பார்கள். பிறகு கட்டாய உழைப்பு முகாம். அந்த டிசம்பரில், நாடு கடத்தப்படுவதற்குச் சற்று முன்பு, எர்னோ எர்ப்ஸ்டைன் உள்ளிட்ட சிலரோடு ஜன்னல் வழியாகக் குதித்துத் தப்பினார். எர்ப்ஸ்டைனும் கால்பந்து கோச்தான், பின்னாளில் இத்தாலியின் தோரினோ கிளப்பின் மகத்தான அணியை உருவாக்கியவர். 1949இல் சுபெர்கா மலையில் மோதிய விமானத்தில் அந்த அணியோடு சேர்ந்தே செத்துப்போனார். குட்மானின் அப்பாவையும் சகோதரியையும் நாஜிகள் கொன்றுவிட்டார்கள்.

இந்த மனிதர்தான் எந்த ஊரிலும் நிலைத்து நிற்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த ஊரில் நிலைத்து நின்றிருக்க வேண்டும், சொல்லுங்கள். சொந்த ஊரிலா?

போர் முடிந்த பின் அவர் செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1946இல் புக்கரெஸ்டில் சியோகானுல் என்ற கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தபோது, சம்பளத்தைக் காய்கறியாகக் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறார். வேடிக்கைக்காக இல்லை. ஹங்கேரியின் பெங்கோ நாணயம் உலகம் அதுவரை பார்த்திராத பணவீக்கத்தில் குப்பையாகிக்கொண்டிருந்த நேரம் அது. ருமேனியாவிலும் சாப்பாட்டுக்குத் தட்டுப்பாடு. காலையில் வாங்கிய நோட்டுக்கு மாலையில் உருளைக்கிழங்கு கிடைக்காது. காகிதம் வேண்டாம், தட்டில் விழுவதைக் கொடு என்றார். பணத்தாசை பிடித்தவன் காய்கறி கேட்பானா, தம்பி? செய்த வேலைக்கு நிஜமாகவே மதிப்புள்ள ஒன்று கைக்கு வரவேண்டும் என்று நினைக்கிறவன்தான் கேட்பான். அந்த வேலையும் நிலைக்கவில்லை. இயக்குநர் ஒருவர் அணித் தேர்வில் மூக்கை நுழைத்தார். அப்படியானால் நீங்களே நடத்துங்கள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

புடாபெஸ்டுக்குத் திரும்பி கிஷ்பெஷ்ட் அணியில் சேர்ந்தார். 1948இல் ஒரு மேட்ச். முரட்டுத்தனமாக ஆடிக்கொண்டிருந்த ஒரு தடுப்பாட்டக்காரரை இடைவேளைக்குப் பிறகு இறங்க வேண்டாம் என்றார். மாற்று வீரர் கிடையாத காலம், பத்துப் பேரோடு ஆட வேண்டிவரும். இருபத்தொரு வயது நட்சத்திரமான புஷ்காஷ், நீ இறங்கு என்று அந்த வீரரிடம் சொல்லிவிட்டான். குட்மான் பார்வையாளர் வரிசையில் போய் உட்கார்ந்து, குதிரைப் பந்தயப் பத்திரிகை படித்துவிட்டு, டிராம் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டார். திரும்பி வரவே இல்லை. புஷ்காஷ் செய்தது சரியா, குட்மான் செய்தது சரியா என்று ஒரு கடிதம் எழுதியிருந்தீர்கள் என்றால் உங்களை மெச்சியிருப்பேன்.

பிறகு இத்தாலி, அர்ஜென்டினா, சைப்ரஸ், மறுபடி இத்தாலி. மிலானில் அணி பட்டியலில் முதலிடத்தில் இருக்கும்போதே 1955இல் வேலையை விட்டு எடுத்தார்கள். அந்த வருஷப் பட்டத்தை மிலான்தான் வென்றது, வேறொருவர் பெஞ்சில் இருக்க. அதற்குப் பின் குட்மான் போட்ட ஒப்பந்தங்களில் ஒரு நிபந்தனை சேர்த்துக்கொண்டார்: அணி முதலிடத்தில் இருக்கும்போது என்னை நீக்கக்கூடாது. இதையும் பேராசைக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

இங்கே எங்கள் ஊர்க் கதை ஒன்று சொல்ல வேண்டும். குட்மானைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவு வருவது அதுதான்.

என் பள்ளி நாட்களில் ஊரில் ஒரு மில் அணி இருந்தது. மில்லின் பெயர் வேண்டாம். அதற்கு கோச்சாக வந்தவரை எல்லோரும் மாஸ்டர் என்போம். இளமையில் ரயில்வே அணிக்கு லெஃப்ட் ஹாஃப் ஆடியவர். முழங்கால் போன பிறகு துறைமுக அணி, கல்லூரி அணி, போலீஸ் பையன்கள் என்று ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்துச் சாப்பிட்டவர். ஒல்லியான ஆள், விசில் ஊதவே மாட்டார், கை தட்டினால் போதும். அவர் வந்த பிறகுதான் எங்கள் ஊர்ப் பையன்கள் பந்து இல்லாதபோது எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டார்கள். மில் அணி பக்கத்து மாவட்டத்து டோர்னமென்ட்டை ஜெயித்துக் கோப்பையோடு லாரியில் ஊர்வலம் வந்தது. மில் வாசலில் பந்தல் போட்டு விழா. மாஸ்டருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பேசிய ஐந்து பேரும் அவரைத் துரோணாச்சாரியார் என்றார்கள்.

நான்கு மாதச் சம்பளம் பாக்கி. மறுவாரம் ஆபீஸில் போய்க் கேட்டிருக்கிறார். 'அதான் மாஸ்டர், உங்களுக்கு இவ்வளவு பெரிய மரியாதை பண்ணினோமே' என்றார்களாம். திரும்பவும் போய்க் கேட்டார். வவுச்சர் போடவில்லை, முதலாளி ஊரில் இல்லை. என் அம்மாவிடம் அவர் மனைவி சொன்னதை நான் காதால் கேட்டேன். 'பொட்டி நிறைய சால்வை இருக்குக்கா. ஒண்ணையும் அரிசிக் கடையில வாங்கிக்க மாட்டேங்கிறான்.'

ஒருநாள் வீட்டைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். யாரையும் திட்டவில்லை, மண்ணை வாரித் தூற்றவில்லை. அணி அதற்கப்புறம் ஒன்றும் ஜெயிக்கவில்லை. பின்னாளில் மில்லும் மூடப்பட்டது. பழைய இயந்திரங்கள், ஏறிப்போன மின்கட்டணம், பங்காளிச் சண்டை. இந்தக் காரணங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் இன்றைக்குக் கேட்டாலும் 'மாஸ்டர் வயித்தெரிச்சல்டா, சும்மா விடுமா' என்பார்கள். அவருக்கு நான்கு மாதச் சம்பளம் பாக்கி என்பதை அதில் ஒருவர்கூடச் சொல்லமாட்டார்.

பென்ஃபிகாவில் நடந்ததும் இந்தக் கதைதான், கொஞ்சம் பெரிய அளவில். 1959இல் போர்ட்டோவுக்கு லீக் பட்டம் வாங்கிக்கொடுத்த சூட்டோடு குட்மான் பென்ஃபிகாவுக்கு மாறினார். பழைய ஆட்களைக் கூட்டமாக வெளியே அனுப்பிவிட்டு இளைஞர்களை உள்ளே கொண்டுவந்தார். 1960, 1961 என்று இரண்டு லீக் பட்டங்கள். 1961 மே மாதம் பெர்ன் நகரில் பார்சிலோனாவை 3-2 என்று வென்று ஐரோப்பியக் கோப்பை. அதுவரை அந்தக் கோப்பையை ரியல் மாட்ரிட் தவிர வேறு யாரும் தொட்டதில்லை. இதற்கு நடுவில் முடிதிருத்தும் கடையில் ஒரு சந்திப்பு. பழைய சாவோ பாவ்லோ வீரர் பாவ்வெர், மொசாம்பிக்கின் லோரென்சோ மார்க்கேஸில் ஒரு பையனைப் பார்த்தேன் என்கிறார். போட்டி கிளப்பான ஸ்போர்ட்டிங் மோப்பம் பிடித்துவிடக் கூடாது என்று, அந்தப் பையனை ஒரு பெண்ணின் பெயரைக் குறியீட்டுப் பெயராக வைத்து லிஸ்பனுக்குக் கொண்டுவந்து, தெற்கே கடற்கரையில் ஒளித்துவைத்தார்கள். அவன்தான் யூசேபியோ. 1962 மே மாதம் ஆம்ஸ்டர்டாமில் ரியல் மாட்ரிட்டை 5-3 என்று வென்ற போட்டியில் கடைசி இரண்டு கோல் அவனுடையது.

இரண்டு ஐரோப்பியக் கோப்பைகள். கிளப்பின் கல்லாவில் எவ்வளவு சேர்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். குட்மான் கூடுதல் பணம் கேட்டார். ஒப்பந்தத்தில் இல்லை என்றார்கள். உள்நாட்டு லீகை வென்றதற்குக் கிடைத்ததைவிட ஐரோப்பியக் கோப்பையை வென்றதற்குத் தனக்குக் குறைவாகவே கிடைத்தது என்று அவர் பின்னாளில் சொன்னார். சட்டப்படி கிளப் பக்கம் நியாயம் இருந்திருக்கலாம். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான். ஆனால் நம்மை உலகத்தின் உச்சியில் ஏற்றியவன் வந்து நிற்கும்போது ஃபைலைப் புரட்டிப் பார்த்து இல்லை என்று சொல்வதற்கு ஒரு மனம் வேண்டும். அவர் கிளம்பி உருகுவே போனார், பெனரோல் கிளப்புக்கு.

அங்கிருந்துதான் சாபம் கிளம்புகிறது. அந்தக் கதையில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. உங்களைப் போன்றவர்கள் அதைப் படித்தாலும் தாண்டிப் போய்விடுகிறீர்கள். 1965இல் அதே பென்ஃபிகா அதே குட்மானை மறுபடி கோச்சாக வேலைக்கு எடுத்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நூறு வருஷச் சாபம் கொடுத்தவனை யாராவது கூப்பிட்டுச் சாவியைக் கொடுப்பார்களா? அந்த சீசனில் ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியில் மான்செஸ்டர் யுனைடெட் லிஸ்பனுக்கு வந்தது. பத்தொன்பது வயது ஜார்ஜ் பெஸ்ட் ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே இரண்டு கோல் போட்டான். 5-1. பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் சாபக்காரரேதான். தன் சாபத்தில் தானே சிக்கினார் என்று அதற்கும் ஒரு கதை கட்டுவீர்கள்.

அந்த எட்டுத் தோல்விகளையும் ஒருமுறை கிட்டத்தில் பாருங்கள். 1963இல் வெம்ப்லியில் மிலானிடம் 2-1. நடுக்களத் தலைவர் கொலூனா அடிபட்டு நொண்டினார், மாற்று வீரர் இறக்க அன்று விதி இல்லை. 1965இல் இன்டர் மிலானோடு இறுதிப் போட்டி. நடந்த இடம் இன்டரின் சொந்த மைதானம். கொட்டும் மழை. கோல்கீப்பர் கையிலிருந்து நழுவிய பந்தில் ஒரே கோல். பிற்பாதியில் அவரும் அடிபட்டு வெளியேற, தடுப்பாட்டக்காரர் ஜெர்மானோ கோல் காக்க நின்றார். 1968இல் கூடுதல் நேரத்தில் மான்செஸ்டர் மூன்று கோல் போட்டது. 1983, 1988 இரண்டிலும் நூலிழை. 1990இல் எதிரே நின்றது குலிட், வான் பாஸ்டன், ரைக்கார்ட் இருந்த மிலான். அந்த அணியிடம் தோற்கச் சாபம் எதற்கு? 2013இல் செல்சியிடம் கடைசி நிமிஷத்து கோல். 2014இல் செவியாவிடம் பெனால்டியில், முக்கியமான மூன்று பேர் தடையில் வெளியே இருக்க. நடுவில் 1995இல், ஒப்பந்தம் முடிந்த வீரர் மாற்றுத்தொகை இல்லாமலே வேறு கிளப்புக்குப் போகலாம் என்ற போஸ்மேன் தீர்ப்பு வந்து, பணக்கார லீகுகள் போர்ச்சுகலில் வளரும் பிள்ளைகளை வாரிக்கொண்டு போகத் தொடங்கியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இறுதிப் போட்டிவரை எட்டுமுறை வந்ததே பெரிய காரியம். எட்டாத கிளப்புகள் ஐரோப்பாவில் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன, யாருடைய சாபமும் இல்லாமல்.

1990 இறுதிப் போட்டி வியன்னாவில் நடந்தது. குட்மான் 1981இல் இறந்து அங்கேதான் அடக்கமானார். யூசேபியோ அவருடைய கல்லறைக்குப் போய்ப் பிரார்த்தனை செய்தார் என்பார்கள். யூசேபியோ போனதை நான் குறை சொல்லமாட்டேன். தன்னைக் கண்டெடுத்த மனிதரின் கல்லறைக்கு ஒரு பிள்ளை போகலாம். ஆனால் கிளப் 2014 பிப்ரவரியில் மைதான வாசலில் குட்மானுக்குச் சிலை வைத்தது பாருங்கள், இரண்டு கையிலும் இரண்டு கோப்பையோடு. எங்கள் மில் வாசல் பந்தல் ஞாபகம் வந்துவிட்டது. ஐம்பத்திரண்டு வருஷம் கழித்து வெண்கலத்தில் ஒரு பொன்னாடை!

சாபம் என்ற கதையால் லாபம் யாருக்கு என்று யோசித்திருக்கிறீர்களா? கொடுக்காதவனுக்குத்தான். கூலி கொடுத்தாயா இல்லையா என்ற கேள்வி போய், சாபம் பலித்ததா இல்லையா என்ற கேள்வி வந்துவிடுகிறது. கேட்டவன் மந்திரவாதி ஆகிறான், மறுத்தவன் பாவம் அனுபவிக்கிறவன் ஆகிறான். பரிதாபம்கூட இடம் மாறிப் போய்விடுகிறது. கண்ணகி விஷயத்தில் நாம் இந்தத் தவறைச் செய்யவில்லை. மதுரையில் நெருப்பு எப்படிப் பிடித்தது என்று ஆராய்ந்துகொண்டு யாரும் உட்கார்வதில்லை. அரசன் சபையில் அவள் சிலம்பை உடைத்துக் காட்டியதைத்தான் முதலில் சொல்கிறோம். குட்மானிடம் மட்டும் ஏன் நெருப்பைப் பற்றியே கேட்கிறீர்கள்?

இப்போது உங்கள் சேவை. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கடிதத்தில் எனக்கு மனசு வலித்த இடம் அதுதான். ஏழைப் பிள்ளைகளைக் கூட்டிவைத்து மைதானத்தில் இலவசமாகச் சொல்லித்தருகிறீர்கள் என்றால் உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடுவேன். நீங்கள் எழுதியிருப்பது தனியார் அகாடமி. அங்கே பெற்றோர் மாதாமாதம் ஃபீஸ் கட்டுகிறார்கள். ஜெர்சிக்குத் தனி, டோர்னமென்ட்டுக்குத் தனி. அந்தப் பணமெல்லாம் எங்கே போகிறது? உங்கள் சேவை பிள்ளைகளுக்குப் போகவில்லை, நடத்துகிறவரின் கணக்கில் சேர்கிறது. நீங்கள் சும்மா செய்வதால் நாளைக்கு அங்கே வேலை கேட்டு வரும் இன்னொரு கோச்சிடம், அவர் சும்மாதானே செய்கிறார் என்பார்கள். குரு என்று எழுதியிருந்தீர்கள். குருதட்சிணை என்று ஒன்று நம் கதைகளில் உண்டு, அதுவும் நினைவிருக்கட்டும். வருகிற மாதமே உட்கார்ந்து பேசுங்கள், பேசியதை எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் வெளியே வந்து தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். பத்துப் பிள்ளைகளுக்குப் பந்து வாங்க என்னால் ஆனதை அனுப்புகிறேன்.

எந்த ஊரிலும் நிலைத்து நிற்கவில்லை என்ற உங்கள் குறைக்கு இன்னொரு பதிலும் உண்டு. மூன்றாவது சீசன் ஆபத்து என்பது குட்மானின் கணிப்பு. அதற்குள் வீரர்களுக்கு கோச் சலித்துவிடுகிறார், எதிரணிகளுக்கு அவருடைய வித்தைகள் புரிந்துவிடுகின்றன. கிட்டத்தட்ட சரி என்றே நினைக்கிறேன். கடைசியாக 1973இல், எழுபத்து நான்கு வயதில், மறுபடி போர்ட்டோவில் வேலை பார்த்தார். வேலை தெரிந்தவனை நாலு ஊர் கூப்பிடுகிறது, அவன் போகிறான். இதில் பெரிதாக ஒன்றுமில்லை.

அந்த 1962 இறுதிப் போட்டியின் பதிவு தேடினால் கிடைக்கும். கறுப்பு வெள்ளையில் கொஞ்சம் மங்கலாக இருக்கும். முதல் பாதியில் புஷ்காஷ் மூன்று கோல் போட்டுவிடுவார். ஆம், டிராம் ஏறிப் போகவைத்த அதே புஷ்காஷ், இப்போது மாட்ரிட்டுக்கு. இடைவேளையில் 3-2 என்று பென்ஃபிகா பின்தங்கியிருக்கும். இரண்டாம் பாதியில் பந்தைப் பார்க்காதீர்கள். பென்ஃபிகாவின் காவெம் என்பவரைப் பாருங்கள். புஷ்காஷுக்குப் பந்து போகும் வழி மாட்ரிட்டின் இன்னொரு நட்சத்திரமான டி ஸ்டெஃபானோதான் என்று கண்டுபிடித்து, குட்மான் இடைவேளையில் காவெமை அவரோடு ஒட்டவைத்திருப்பார். அதற்கப்புறம் மாட்ரிட் ஒரு கோல்கூடப் போடவில்லை. காவெம் எங்கே நிற்கிறார், டி ஸ்டெஃபானோ நகரும்போது எந்தப் பக்கமாக நகர்கிறார், கொலூனா போட்ட மூன்றாவது கோலுக்கு முன்பு நடுக்களம் எப்படித் திறந்துகொள்கிறது என்று குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள். படம் வரைந்து அனுப்பினால் இன்னும் நல்லது.

அன்புடன்.